சம்பந்திகள் ஏறிய இரட்டைப் படிக்கட்டு

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிப் போகிற தொழிலில் ஊரைக் காட்டுவது சுலபம். கூட வந்தவர்களை ஒருவருக்கொருவர் முகம் காட்ட வைப்பதுதான் பெரும்பாடு. என்னைப் போலவே கூட்டம் மேய்த்துப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

அகழிக்கரையில்

பிரான்சில் ஒரு பழைய கோட்டை. என் திருநெல்வேலிக் கூட்டத்தில் இரண்டு சம்பந்திகள். பெண்ணைக் கொடுத்தவர் கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி. மாப்பிள்ளையின் அப்பா பேட்டையில் லேத்துப் பட்டறைக்காரர். கல்யாணப் பந்தியில் யார் ஆட்கள் முதலில் உட்காருவது என்று முறைத்துக்கொண்டதோடு பேச்சு நின்றுபோனது. பாரீசில் இருக்கும் பிள்ளைகள், "ரெண்டு தாத்தாவும் பேசினாத்தான் பேத்திக்குப் பேரு வைப்போம்" என்று சொல்லி, ஒரே டூரில் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்கள். மறுநாள் பாரீஸ் போகவேண்டும். இவர்களோ இன்னும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

அகழியைப் பார்த்த அப்பளக்காரர், "படித்துறையே காணமே தம்பி, இங்கன எப்படிக் குளிப்பாங்க?" என்றார். பட்டறைக்காரர் என் பக்கம் திரும்பினார்: "அவுககிட்ட சொல்லுங்க தம்பி, இது தாமிரவருணி இல்ல, சண்டைக்குன்னு தேக்கி வச்ச தண்ணி!"

வாசலில் கழற்றியவை

கோட்டைக்குள் ஒரு சின்ன தேவாலயம். சாமி இருக்கிற இடம் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? ஜில்லிட்ட கல்தரையில் ஷூவையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நுழைந்தார்கள். காவலுக்கு நின்ற பிரெஞ்சு அம்மாள் கத்தப்போகிறார் என்று மன்னிப்புக் கேட்க ஓடினேன். அவர் சிரித்தார்: "இன்றைக்குத்தான் என் தரை சுத்தமாக இருக்கிறது!"

சன்னல் வழியே

கோட்டையின் பெருமையே நடுவிலுள்ள படிக்கட்டுதான். இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகும். ஒன்றில் போகிறவர் மற்றதில் போகிறவரைச் சன்னல் வழியாகப் பார்க்கலாம், எதிர்ப்பட முடியாது. என் சம்பந்திகளுக்கென்றே கட்டியது போல! ஆளுக்கொரு படிக்கட்டில் ஏற்றிவிட்டு, நான் கீழே நிம்மதியாக நின்றேன்.

பாதியில் அப்பளக்காரருக்கு ஷூ கடித்தது. பிள்ளைகள் இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்த ஷூ. தேவாலய வாசலில் மாறிப்போயிருக்கிறது. எதிர்ச் சன்னலில் பட்டறைக்காரர் தொளதொளவென்று காலை இழுத்துக்கொண்டு போகிறார். இடையில் சொல்ல நான் இல்லை.

"சம்பந்தி! என் ஷூ உங்க கால்லயா கிடக்கு?"

"ஆமா சம்பந்தி! அங்கனயே நில்லுங்க, நான் வாரேன்!"

அப்பளக்காரர் நின்றால்தானே! இவர் மேலே சுற்றி அந்தப் படிக்கட்டுக்குப் போக, பட்டறைக்காரர் கீழே சுற்றி இந்தப் படிக்கட்டுக்கு வர, மறுபடியும் சன்னலில்தான் சந்திப்பு. கீழே வந்த பட்டறைக்காரர் என்னைத் தாண்டித்தான் ஓடினார், என்னைப் பார்க்கவே இல்லை. கோட்டை முழுக்க இரண்டு பேர் சிரிப்பும் எதிரொலித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாக உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவை மாற்றிக்கொண்டார்கள். உடனே பட்டறைக்காரர் மகனுக்குப் போன் போட்டார்: "ஏலே, தொட்டிலைக் கட்டு, ரெண்டு பேரும் சேர்ந்தே வாரோம், பேரைச் சம்பந்திதான் முதல்ல சொல்லணும்!"

வாய் வலிக்கத் தூது போன என்னைவிட ஒரு ஜோடி ஷூ நன்றாக வேலை பார்த்துவிட்டதால், இப்போதெல்லாம் பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் ஒரே மாதிரி ஷூ போட்டு வரச் சொல்லிவிடுகிறேன்.