வெள்ளைக் காரின் பின்சீட்டு

பச்சிங்கோ என்ற குண்டுச் சூதாட்டக் கடையில் வெயில்காலம் முழுக்க கினுயேவுக்கு ஒரே வேலை. ஆட வந்தவர்கள் பிள்ளையை உள்ளே விட்டுப் போயிருக்கிறார்களா என்று வண்டி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காராக எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே எஃகுக் குண்டுப் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு போனவளுக்குப் பாவம் பார்த்துக் கொடுத்த சுலபமான வேலையாம். சுலபம் என்று சொன்னவன் ஒருநாள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியிலும் முகத்தை வைக்கும்போது உள்ளே எது கிடக்குமோ என்றிருக்கும்.

அன்று மத்தியானம் அந்த வெள்ளைக் காரின் பின்சீட்டில் மூன்று வயசுப் பெண்குழந்தை கிடந்தது. முகம் ரத்தச் சிவப்பு. கண்ணாடியைத் தட்டினாள், அசையவில்லை. கார் கசுவோவுடையது, தினம் வருகிறவன். வாசல் கல்லாவில் இருந்த பெண்ணிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஒலிபெருக்கியில் கார் எண்ணைக் கத்தினார்கள். குண்டுகள் கொட்டுகிற இரைச்சலில் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். கசுவோ ஆட்ட இயந்திரத்தின் பிடியைத் திருகியபடி இருந்தான். குண்டுகள் மேலே பறந்து, ஆணிகளில் மோதி மோதி இறங்கின. திரையில் மூன்று எண்களும் ஒரே எண்ணாக நின்று பெரிய பரிசு விழுந்திருந்தது. கீழே சின்னக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. திறந்திருக்கும்போது குண்டு விழுந்தால் தட்டு குண்டுகளால் நிரம்பும்; அங்கே குண்டுதான் காசு. இந்த நேரத்தில் எழுந்தவனை கினுயே பார்த்ததே இல்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தம்பி, கார்ல புள்ள கெடக்குது. சாவியக் குடு."

"தூங்குதுக்கா. ஏசி ஓடுது."

"எஞ்சின் நின்னு போச்சுப்பா. புள்ள கண்ணத் தொறக்கல."

"இதோ வர்றேன். இப்பக் கைய எடுத்தா எல்லாம் போச்சு."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கினுயே தன் கழுத்துத் துண்டை உருவினாள். அவன் தட்டிலிருந்த குண்டுகளை இரண்டு கையாலும் வாரி அதில் முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"ஏய், என் குண்டு!"

வெள்ளைக் காரின் முன்கதவுக் கண்ணாடியில் துண்டை ஓங்கி வீசினாள். மூன்றாம் வீச்சில் கண்ணாடி பொடியாகியது; முடிச்சு அவிழ்ந்து குண்டுகள் சிதறின. உள்ளே கைவிட்டுத் திறந்து, குழந்தையை அள்ளி நிழலுக்குத் தூக்கிப்போய்க் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீரை ஊற்றினாள். கன்னத்தைத் தட்டினாள். குழந்தை இருமியது. அப்புறம்தான் கண்ணைத் திறந்தது.

பின்னால் மூச்சிரைக்க கசுவோ நின்றான். சிதறிக் கிடந்த குண்டுகளைப் பார்த்தான், பிறகு குழந்தையைப் பார்த்தான்.

"அப்பா வந்துட்டாரு," என்று குழந்தை முனகியபடி அவனிடம் கையை நீட்டியது.

அவன் எதைத் துரத்தி வந்தான் என்பது கினுயேவுக்குத் தெரியும். பிள்ளையைக் கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.