மதினியின் லண்டன் மணி

அறுபதுகளின் தொடக்கம். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பம்பாய்க்குத் திரும்பிவிட்டான். விமானக் கம்பெனியில், கூடவே பறந்து நட்சத்திரம் பார்த்து வழிக்கணக்குப் போடும் உத்தியோகம். அங்கே வீடு கிடைக்கும்வரை மதினி திண்டுக்கல் நாகல் நகரில் எங்களோடுதான். போகும்போது தன் பழைய கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்தான்.

"இத எவனும் திருப்பி வைக்காமப் பாத்துக்க. நாங்க எங்க பறந்தாலும் எங்களுக்கு மணி இதான்."

அது லண்டன் பக்கத்து கிரீன்விச் மணி. ஒரே ராத்திரியில் நாலு நாட்டைத் தாண்டுகிறவர்களுக்கு ஊருக்கொரு மணி வைத்து வேலை சொன்னால், யார் எப்போது வந்து நிற்பார்கள்? அதனால் புறப்பாடு, இறக்கம், ஓய்வு எல்லாவற்றையும் கம்பெனி அந்த ஒரே மணியில் எழுதிவிடும். குழப்பமே வராத ஏற்பாடு. எங்கள் வீட்டில் வந்தது.

அந்தக் கடிகாரம் மணி ஒன்று காட்டினால்தான் மதினி மத்தியானச் சோற்றுக்கு உட்காருவாள். அப்போது திண்டுக்கல்லில் சாயங்காலம் ஆறரை, விளக்கு வைக்கும் நேரம்.

"விளக்கு வைக்கையில எவளாச்சும் சோத்துல கை வைப்பாளா? வீட்டுல லச்சுமி தங்குவாளா ஆத்தா?" என்பாள் அம்மா.

"அவுக இப்பத்தான் சாப்டுவாக, அத்தே."

"அவன் திங்கிறதுக்கு நீ எதுக்குக் காயணும்?"

கல்லூரிவிட்டு வரும் எனக்கும் எதிரே ஒரு தட்டு வைப்பாள். நான் அப்போது இலக்கிய மாணவன்; பிரிவுத் துயரம் எனக்கு அத்துப்படி என்று நினைப்பு. பாட்டுகளில் தலைவிக்குச் சோறு இறங்காது. மதினிக்கு நன்றாகவே இறங்கியது. நேரம்தான் தப்பியிருந்தது. கத்தரிக்காய் வெஞ்சனத்தை எனக்குத்தான் நிறைய வைப்பாள்.

அண்ணன் லீவில் வந்தபோது இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட கிறுக்கி, அது டூட்டிக்கு மட்டுந்தான். சோறெல்லாம் அந்தந்த ஊருப் பொழுதுக்குத்தான். மாசத்துல பாதி நாளு சிங்கப்பூர்ல கெடக்கேன். இது ஒண்ணு அடிக்கையில அங்க ராச்சாப்பாடே முடிஞ்சு போயிருக்கும்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். மதினி கையைக் கழுவினாள்.

"அப்ப இம்புட்டு நாளும் நான் யாரு கூடச் சாப்ட்டேன்?"

நட்சத்திரம் பார்த்து வழி சொல்கிறவன் அடுப்படி நிலைப்படியில் விழித்துக்கொண்டு நின்றான். எனக்கு விடை தெரியும். கேட்டவள் என் பக்கம் திரும்பவில்லை.

"பம்பாயில ஒத்தை ரூம்புதான். ரெண்டு பேருக்குக் காணாதே" என்றான் அண்ணன்.

"எனக்கு எம்புட்டு எடம் வேணும்?"

லீவு முடிந்து இருவரும் சேர்ந்தே ரயிலேறினார்கள். மறுநாளிலிருந்து எங்கள் அடுப்படி உள்ளூர் மணிக்குத் திரும்பியது. அம்மா நிம்மதியாக விளக்கு வைத்தாள்.

இப்போது எனக்கும் கல்யாணமாகிவிட்டது. வேளை தப்பாத வீடு. இருந்தும் பொழுது சாய்கிற நேரத்தில் எனக்கு நல்ல பசி எடுக்கிறது. சொன்னால் மனைவி காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். நல்ல காப்பிதான்.