நான் அழித்த நான்காம் வரி

அப்பாவை வைத்தியரிடம் கூட்டிப் போகும்போதெல்லாம் என் கைபேசியில் ஒரு பட்டியல் இருக்கும். மென்பொருள்களில் பிழை தேடுவது என் தொழில். எந்தப் பக்கத்தில், எதை அழுத்தியபோது, என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினால்தான் திருத்துகிறவருக்கு விளங்கும். அதே பழக்கத்தில் அப்பாவின் உடம்பையும் எழுதி வைப்பேன்.

போன வசந்தத்தில் எழுதிய பட்டியலில் நான்கு வரிகள். ஒன்று, இரத்தத்தில் சீனி திடீரென்று ஏறியிருக்கிறது. இரண்டு, பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மூன்று, சாப்பிட்ட பிறகு வயிற்றில் தொடங்கி முதுகுப் பக்கம் போகும் ஒரு நோ. நான்காவது, அம்மா சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னது.

"அப்பாவுக்கு வெளிய போறது வெளிறிப்போய், எண்ணெய் மாதிரி மிதக்குதாம். கக்கூசில ரெண்டு தரம் தண்ணி அடிச்சாலும் போகுதில்லையாம். பிள்ளைக்குச் சொல்லாத எண்டவர்."

முதல் இரண்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? மெலிந்ததற்கோ பாராட்டுத்தான் கிடைத்தது. றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒருவர் அப்பாவின் வயிற்றைத் தட்டி, "என்ன அண்ணை, ஜிம்முக்குப் போறீங்களோ?" என்று கேட்டார். "இல்லையடாப்பா, மனுசியின்ர புட்டை நிப்பாட்டினனான்" என்றார் அப்பா. "என்ர புட்டில பிழை சொல்லாதேங்கோ" என்று அம்மா சண்டைக்குப் போனா. எல்லோரும் சிரித்தோம்.

வைத்தியரின் அறை வோபர்னில் ஒரு பிளாசாவின் மாடியில் இருந்தது. ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பா புலம்பெயர்ந்து வந்து இங்கே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். ஆங்கிலம் அவருக்கு விளங்கும், வேலைக்குப் போதுமான அளவு பேசவும் செய்வார். ஆனால் உடம்பைப் பற்றி என்றால் தமிழுக்குத் திரும்பிவிடுவார். அப்போது என் முறை. ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

மூன்று வரிகளைச் சொன்னேன். நான்காவதற்கு வந்தபோது அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் முன்னால், ஓர் அந்நியரிடம், என் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. வாசிக்காமல் விட்டதோடு நிற்கவும் இல்லை. அப்பா திரையை எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று அந்த வரியையே அழித்தேன்.

வைத்தியர் சீனிக் குளிசையை மாற்றினார். நோவுக்குத் தசைப்பிடிப்பாக இருக்கலாம் என்றார். நிறை குறைந்தது நல்லது என்றார். நான்கு மாதம் கழித்து அப்பாவின் கண்கள் மஞ்சளாகின. பிறகு ஸ்கான். பிறகு கணையத்தில் புற்றுநோய் என்ற சொல். எண்ணெய் மாதிரி மலம் மிதப்பது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கலாம் என்பதை அந்த வாரம்தான் வாசித்தேன். வாசித்ததை வீட்டில் சொல்லவில்லை.

மாசி மாதத்தில், அப்பா ஊசி மருந்து ஏற்றும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக் குழு எங்களிடம் உதவி கேட்டது. இந்த நோயை இன்னும் முன்னதாகப் பிடிப்பதற்கு, குடும்ப வைத்தியரிடம் வருகிறவர்கள் காத்திருக்கும்போது நிரப்புவதற்கென ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறார்கள். நோய் வந்தவர்களே வந்து அதைத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன்.

"போவம். மருந்து ஏத்துற கதிரையில சும்மாதானே இருக்கிறன். உந்தக் கதிரையிலயாவது பிரயோசனமா இருப்பம்."

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா என்று கேட்டார்கள். வேண்டாம், நான் இருக்கிறேன் என்று பதில் எழுதினேன். யோசிக்காமலே எழுதினேன்.

கூட்டத்தன்று மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், நோயாளிகளும் ஆராய்ச்சிக் குழுவினருமாக. நடுவில் யாரும் தொடாத ஒரு தட்டு மஃபின். அப்பாவின் வெள்ளைச் சேர்ட் கழுத்தில் தளர்ந்து நின்றது. தமிழில் மொழிபெயர்த்த கேள்வித்தாளை அவர் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். ஒன்பதாவது கேள்வியில் நின்றார்: 'தங்களது மலத்தில் கொழுப்புத்தன்மை அவதானிக்கப்பட்டுள்ளதா?'

"உது என்ன, கோட்டில சாட்சி சொல்லக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்றார் என்னிடம்.

அதை மொழிபெயர்த்தேன். சிரித்தார்கள். அப்படியானால் எப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று ஆராய்ச்சியாளர் கேட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அப்பா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே தமிழில் சொன்னார்.

"ரெண்டு தரம் தண்ணி அடிச்சும் போகுதில்லையோ எண்டு கேளுங்கோ. எவனுக்கும் விளங்கும். ஆனா மகள் பக்கத்தில இருக்கேக்க கேளாதேங்கோ. அண்டைக்கு இவளின்ர ஃபோனில அது எழுதிக் கிடந்தது. நான் கண்டனான். இவள் வாசிக்கேல்லை. நானும் வாயைத் திறக்கேல்லை. அப்பாடா எண்டுதான் இருந்தது எனக்கு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அவர் சொன்னதில் முதல் பாதியே அவர்களுக்குப் போதுமான பதில். அதை மட்டும் சொல்லியிருந்தாலும் குறித்துக்கொண்டு பத்தாவது கேள்விக்குப் போயிருப்பார்கள். எங்கே நிறுத்தலாம் என்று என் மூளை கணக்குப் போட்டது உண்மை. அப்பாவைப் பார்த்தேன். இந்த முறை அவர் சப்பாத்தைப் பார்க்கவில்லை.

வரிசை மாறாமல் முழுவதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் பேசுகிறவராகவே பேச வேண்டும் என்பது முறை. அதனால் 'என் மகள் அதை வாசிக்கவில்லை' என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு என்னுடையதாக ஒன்றைச் சேர்த்தேன்: அந்த மகள் நான்தான், வாசிக்காமல் விட்டது மட்டுமல்ல, அழித்தும் விட்டேன்.

"அழிச்சனியோ? அது எனக்குத் தெரியாது" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

"கெட்டிக்காரி."

எதிரே இருந்த முதியவர், தன் மனைவிக்குக்கூடத் தான் சொல்லவில்லை என்றார். அதன் பிறகு ஒன்பதாவது கேள்வியைப் பற்றியே நெடுநேரம் பேசினோம். தாளை நோயாளி தனியாக இருந்து நிரப்ப வேண்டும். பேசத் தேவையில்லை, அடையாளம் இட்டால் போதும். வீட்டாரின் கையில் கொடுக்காமல் நேரே தாதியிடம் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எது கடைசித் தாளில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த நான்கு மாதம் எதையாவது மாற்றியிருக்குமா என்பதும் தெரியாது. சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒருமுறை கேட்டேன். சொல்ல முடியாது என்றார். கட்டியை வெட்டி எடுக்கலாமா என்பதையே அடுத்த ஸ்கான் பார்த்துத்தான் சொல்வார்கள்.

கார் தரிப்பிடத்தில் அப்பா சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "வியாழக்கிழமை ஸ்கான் முடிவு சொல்லேக்க நீ வாறியோ?"

"வாறன். ஆனா மொழிபெயர்க்க வேற ஆளைக் கேக்கிறன் அப்பா. நான் வெளியில இருக்கிறன்."



"வெளியில ஏன்? பக்கத்தில இரு. கதைக்காம இரு."

கைபேசியை எடுத்து, வியாழக்கிழமைப் பட்டியலில் அவர் சொன்னதை முதல் வரியாக எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். நான் திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.