பலகைகளை எடுத்த பிறகு

சேற்றின்மேல் நடக்கப் போட்டிருந்த பலகைகளை எடுக்கச் சொன்னது நீங்கள். விருந்தினர்கள் கரையேறியதும் அவற்றை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் சேற்றில் இறக்கியதும் நீங்கள்தான்.

அப்போது நான் ஷார்ஜாவில், முவைலா பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருந்தேன். செடி வைக்கிற கம்பெனி. ரவுண்டானாவில் பூச்செடி, வில்லாக்களில் புல்தரை, எப்போதாவது கடற்கழியில் அலையாத்திக் கன்று. நீங்கள் எங்கள் சூப்பர்வைசர். கோயம்புத்தூர்க்காரர். தமிழ் ஆள் என்பதால் கொஞ்சம் நம்பினோம்.

அன்றைக்குக் கழிக்கு வந்தவர்கள் துபாயில் வாழும் யூதக் குடும்பங்கள். அது அவர்களுக்கு மரங்களின் புத்தாண்டு. பழங்களை வைத்துப் பிரார்த்தனை செய்வதோடு நிறுத்தாமல், கன்றும் நட வேண்டும் என்று பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

என்னோடு வேலை பார்த்தவன் அரியலூர்க்காரன். இருவருக்கும் ஒரே ரூம். பொங்கல் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"நமக்கு மாட்டுக்குப் பொங்கல், இவங்களுக்கு மரத்துக்குப் பொங்கல் மாப்ள."

"அப்ப சாயங்காலம் மரத்தை அவுத்துவிட்டு வெரட்டுவாங்களாடா?"

ஒரு பெரியவர் எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்தார். தலையில் சின்னத் தொப்பி. பம்பாயில் பிறந்தவராம், ஹிந்தியில் பேசினார். "காவோ பாய், காவோ" என்று பேரீச்சை, அத்தி, பாதாம் எல்லாவற்றையும் எங்கள் கை நிறையத் திணித்தார். சைட்டில் எங்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுத் தான் தின்ற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அலையாத்திக் கன்றைத் தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் நட முடியும். அவர்கள் சரியான நேரத்துக்கே வந்துவிட்டார்கள். பேனர் வரவில்லை என்று நிறுத்தி வைத்தது நீங்கள். பேனர் வந்து, போட்டோ எடுத்து, அவர்கள் பலகைமேல் நடந்து உள்ளே போனபோது தண்ணீர் திரும்ப ஏற ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் சந்தோஷமாக நட்டார்கள். சில கன்றுகளை, வேரைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் கவரோடேயே சேற்றில் செருகிவிட்டார்கள். பிள்ளைகள்மேல் தப்பில்லை. கவரைக் கிழிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

பலகைகள் வண்டியில் ஏறிய பிறகுதான் அது உங்கள் கண்ணில் பட்டது.

"கவரோட நிக்குது பாரு. காலைல கிளையன்ட் வர்றான். போய் உருவிட்டு வாங்க."

"சார், தண்ணி ஏறுது. பலகை?"

"நாலு கவர் உருவறதுக்குப் பலகையா? யல்லா, யல்லா."

நான் பெரம்பலூர்ப் பக்கம். எங்கள் ஊர் ஏரியில் மழைக் காலத்திலேயே முழங்காலளவு தண்ணீர் நின்றால் பெரிது. எனக்கு நீச்சல் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கால் வைக்கிற இடத்தில் தரை இருக்குமா என்று ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன். அந்தத் தண்ணீர் சத்தம் போடவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்றும் தெரியவில்லை. சற்று முன் பார்த்த கன்றை அடுத்துப் பார்க்கும்போது நுனி மட்டும் தெரிந்தது.

கழிக்குள் ஓடும் ஓடையின் ஓரத்தில் இருந்த கடைசிக் கன்றுக்கு அவன் போனான்.

"மாப்ள, கால் வரமாட்டேங்குது."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அவன் பக்கம் போனேன். தொடை வரை சேறு. அவன் உதற உதற உள்ளே இழுத்தது. இடுப்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தேன். என் காலும் இறங்க ஆரம்பித்தது.

"ஆடாம நில்லு. பலகை எடுத்துட்டு வர்றேன்."

"போவாதடா. டேய், உட்டுட்டுப் போவாதடா."

அவனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். விழுந்தேன், வாயெல்லாம் உப்புச் சேறு. பின்னால் அவன் கத்திக்கொண்டே இருந்தான். சத்தம் நின்றபோது இன்னும் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நீங்கள் வண்டிக்குள் போனில் இருந்தீர்கள். கண்ணாடியைத் தட்டினேன். நீங்கள் இறக்கவில்லை. ஒரு விரலைக் காட்டி, பொறு என்றீர்கள். நான் பின்னால் ஏறிப் பலகையை இழுத்துத் தள்ளினேன். மகளின் காருக்காக ரோட்டில் நின்றிருந்த அந்தப் பெரியவர்தான் மறுமுனையைப் பிடித்தார். அந்த வயதில், ஷூவோடு சேற்றில் இறங்கினார்.

நாங்கள் போனபோது தண்ணீர் அவன் நெஞ்சில் இருந்தது. கத்தி ஓய்ந்துபோய் வானத்தைப் பார்த்தபடி பல் கிட்டித்துப்போய் நின்றான். நான் பலகையில் குப்புறப் படுத்து அவன் காலைச் சுற்றியிருந்த சேற்றைக் கையால் தோண்டினேன். தோண்டத் தோண்ட மூடியது. அவன் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். முகம் தண்ணீருக்குள் போனது. இரண்டு பேரும் இங்கேயே முடிந்தோம் என்று நினைத்தேன். பெரியவர் பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பூட்ஸைச் சேற்றில் விட்டுவிட்டுக் கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது.

கரையில் நீங்கள் நின்றீர்கள்.

"கவரெல்லாம் உருவியாச்சா?"

பெரியவர் உங்களைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: இவர்களை உள்ளே அனுப்பியது யார்? நீங்கள் சிரித்துக்கொண்டே, நண்டு பிடிக்க அவர்களாகவே போனார்கள் என்றீர்கள். ஆபீசிலும் அதையே சொன்னீர்கள். நான் வாய் திறக்கவில்லை. விசா உங்கள் கம்பெனியில் இருந்தது. தண்ணீருக்குப் பயந்த அளவுக்கு அதற்கும் பயந்தேன்.

கேம்ப்பில் எங்களுக்கு நண்டு என்றே பேர் வைத்தார்கள். "என்னா நண்டு, டூட்டிக்கா?" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் பாத்ரூமில் தண்ணீர் போகாமல் காலைச் சுற்றித் தேங்கினால் சோப்போடு வெளியே ஓடி வந்துவிடுவான். அடுத்த லீவில் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். நீங்கள் பெரிய ஆளாகிவிட்டீர்கள். தமிழ் விழா மேடைகளில் பாலைவனத்தைப் பசுமையாக்கியதைப் பற்றிப் பேசுகிறீர்கள். போனில் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளைக் கழிக்குக் கூட்டிப் போகப் போவதாகவும் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அடுத்த மேடையில், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைப் பிடித்து அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எங்களை உள்ளே அனுப்பியது யார்?