கைக்குப் போக வேண்டிய தண்ணீர்

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில் தமிழர்கள் வந்து சேர்கிற லா சப்பல் பகுதியில் ஒரே அறைக்குள் ஆறு பேர் அடைந்து கிடந்தோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. ஊரில் நான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவி வைத்ததில்லை என்பதை முதலாளியிடம் சொல்லவில்லை.

சித்திரை வருசம் நெருங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, தலையிலை மருத்துநீர் வைக்காமல் வருசத்துக்குள்ளை போயிடாதை."

பூவும் இலையும் மூலிகையும் போட்டுக் காய்ச்சிய அந்த நீரை மூத்தவர்கள் யாராவது தலையில் வைத்துவிட வேண்டும். போன வருசம் வரை அம்மாதான் வைத்துவிட்டார். லா சப்பலில் நான் விசாரிக்காத ஆள் இல்லை, கிடைக்கவில்லை. ஊரிலோ சண்டை. அம்மாவுக்கு ஏதாவது நடந்தால் அது நான் மருத்துநீர் வைக்காததால்தான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. எதையும் பகிடியாக்கிச் சிரிக்கிறவனுக்கும் பயம் வரும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் உணவகத்துச் சமையல்காரர் தங்கள் புதுவருசத்துக்கு வரச்சொன்னார். அவர் தாய்லாந்துக்காரர். அவர்களுக்கும் அதே நாட்களில்தான் வருசம் பிறக்குமாம்.

"அவையின்ரை வருசத்திலை உனக்கென்ன அலுவல்?" என்றார் எங்கள் அறையில் மூத்த அண்ணை.

"சாப்பாடு போடுவினமாம், அண்ணை."

"அப்ப என்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு போ. எனக்கும் கட்டிக்கொண்டு வா."

வாடகை மண்டபம் ஒன்று. கதிரைகளில் வயதானவர்கள் வரிசையாக இருந்தார்கள். முதல் ஆள் சமையல்காரரின் தாய். விருந்தாளி என்று என்னை எல்லோருக்கும் முன்னுக்குத் தள்ளி, கையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் தந்தார்கள். வாசனைத் தண்ணீர், மேலே பூ மிதக்கிறது. எனக்கு வேறென்ன தோன்றும்? கிண்ணத்தை அந்த அம்மாவின் கையில் திணித்துவிட்டு, முழங்காலில் நின்று தலையைக் குனித்தேன்.

"மேன், மேன்" என்று பின்னால் சமையல்காரர் பதறினார். பிரெஞ்சில் அது 'கை'. நானோ இங்கிலீஷில் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "ஓம், ஓம்" என்று இன்னும் குனிந்தேன். இளையவர்கள்தான் மூத்தவர்களின் கையில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு எனக்கு விளங்காத எதையோ முணுமுணுத்தபடி, தண்ணீரை மெல்ல என் உச்சியில் ஊற்றி உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். அவசரமே இல்லை, காதுக்குப் பின்னால் வரை தேய்த்தார். அண்ணையின் கோட்டு தெப்பலாக நனைந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், குசினியில் எல்லோரையும் அதட்டுகிற சமையல்காரர் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, தானும் தலையைக் குனித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை பேசும்போது அம்மா கேட்டார்: "மருத்துநீர் வைச்சனியோ?"

"ஓம்."

"ஆர் வைச்சுவிட்டது?"

"இஞ்சை ஒரு அம்மா."

"எந்த ஊராம்?"

"கொஞ்சம் தூரம், அம்மா."

இப்போது என் தலையில் ஊற்றினால் தண்ணீர் தங்கி நிற்க அங்கே ஒரு முடியும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது முறை தெரியாமல் பிழைவிட்டால், திருத்துவதற்கு வாய் திறக்கும் முன்பே அந்த அம்மாவின் உள்ளங்கைச் சூடு ஞாபகம் வந்து, என் வாய் மூடிக்கொள்கிறது.