பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

அன்று காலையிலேயே நான் ஏன் யாரையும் கேட்கவில்லை?

பிரசவ விடுப்பு முடிந்து, டுரியான் துங்கால் ஊரில் உள்ள வாடகை வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய இரண்டாவது வாரம். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் இது தொடருமா என்று அலுவலகத்தில் சொல்வார்களாம். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்.

பாடங்களின் ஒலிப்பதிவுகளைப் பைத்தான் நிரல் ஒன்றால் வெட்டி, ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வெட்டுவதற்கான மென்பொருள் கருவியை இணையத்திலிருந்து இறக்கி ஒரு கோப்புறையில் வைத்தேன். பைத்தான் தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியலில், அதாவது 'பாத்'தில், அந்தக் கோப்புறையையும் சேர்த்தேன். அப்படி ஒரு கருவியே இல்லை என்றது பைத்தான்.

நானே கருவியைத் திறந்தால் ஓடுகிறது. பைத்தான் தேடினால் இல்லை. கணினியை அணைத்துப் போட்டேன். கருவியை அழித்து மறுபடி நிறுவினேன். மகள் தூங்கி, எழுந்து, அழுது, மறுபடி தூங்கினாள். குழுத்தலைவிக்கு 'அக்கா, ஒரு சின்ன சந்தேகம்' என்று மூன்று முறை தட்டி மூன்று முறையும் அழித்தேன். பிள்ளை பெற்றதும் எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்துவிட்டால்?

நாலரைக்கு எழுதினேன்: "அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல். நாளைக்குக் காலையில தந்திடறேன்."

"ஐயோ, பிள்ளைய பாரும்மா. வேலை எங்க ஓடிப் போவுது?"

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

ஆறு மணிக்குக் கணவர் காணொளியில் அழைத்தார். கருவி கிடைக்காத கதையைச் சொன்னேன். "அந்த 'பாத்'தை அப்படியே காட்டு லா," என்றார். காட்டினேன்.

கோப்புறைக்கு என் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் வைத்திருந்தேன்: என் பெயர், இன்னாரின் மகள் என்பதற்கான ஏ/பி, அப்பா பெயர். திரையில் தெரியும் அந்தச் சாய்கோட்டை இந்தக் கணினி உள்ளே முக்காற்புள்ளியாக (:) வைத்துக்கொள்கிறது. பாத் பட்டியலிலோ முக்காற்புள்ளி என்றால் ஓர் இடம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். என் பெயரை நடுவில் வெட்டி, இல்லாத இரண்டு இடங்களில் பைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? கல்யாணத்தப்பவே சொன்னேன், உங்கப்பாதான் பிரச்சினைன்னு!"

"போங்க லா, நீங்க வேற."

அழைப்பு முடிந்ததும் வீடு மறுபடி அமைதியானது. கோப்புறைக்கு வேறு பெயர் வைத்து, பாத்திலும் மாற்றினேன். கருவி உடனே கிடைத்துவிட்டது. சொன்னபடி மறுநாள் காலை அனுப்பினேன்.

அதிலிருந்து அக்கா தினமும் விசாரிக்கிறார்: "பாப்பா எப்படிம்மா இருக்கு?" வார நாட்களில் எங்களை இப்படி விசாரிக்க வேறு யாரும் இல்லை. "நல்லா இருக்காக்கா," என்கிறேன். நேற்று, பிள்ளைக்கு முடியாதபோதும் வேலையை முடித்தவள் என்று மேலதிகாரிகளுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். வீட்டிலிருந்து வேலை தொடருமா என்று திங்கட்கிழமை முடிவு.

உண்மையைச் சொல்லிவிடவா? சொல்வதென்றால் திங்களுக்கு முன்பா, பின்பா? பிள்ளையின் மேல் பழி போட்டு இப்படிச் சொல்லிவிட்டுத் தவித்தவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.