பதினாலாம் நம்பர் சிஸ்டம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருடமாகத் தள்ளிப்போட்டேன். நான் பத்தாவது வரை படித்தவன். அதைவிட, வெட்கம். அல்லாஹ் அறிந்ததை மனிதரும் அறியட்டும் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் லேப் அசிஸ்டென்ட். அங்கே கேம் டிசைன் பாடத்துக்கு கேம் ஜாம் உண்டு. காலையில் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். மறுநாள் மாலை நாலு மணிக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். பிராக்டிகல் மார்க் முழுவதும் அதில்தான்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் ஃப்ரீஸ் சாஃப்ட்வேர் இருக்கும். ஆஃப் செய்து மறுபடி போட்டால், புதிதாகச் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். ஜாமுக்கு முன்னால் அதை எடுத்துவிடுவது என் வேலை. அந்த முறை பதினாலாம் நம்பரை மட்டும் மறந்துவிட்டேன். அதில் உட்கார்ந்தவள் நிலக்கோட்டைப் பெண் முத்துச்செல்வி.

மறுநாள் காலை ஃபோல்டரைத் திறந்தாள். காலி.

"பாய் அண்ணே, நேத்து சேவ் பண்ணேன்ல? நாந்தான் தப்பா பண்ணிட்டேனா?"

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. "இரும்மா, தேடிப் பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத ஒன்றை அவளோடு சேர்ந்து தேடினேன்.

"இதுல ஃபெயிலானா அப்பா படிப்ப நிறுத்திருவாருண்ணே" என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

மதியம் லுஹர் தொழப் போனேன். சஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும், "நாந்தான் தப்பா பண்ணிட்டேனா" என்று அவள் கேட்டதுதான் காதில் விழுந்தது. துஆவுக்குக் கை ஏந்த முடியவில்லை. நேரே லேபுக்கு வந்து பேராசிரியரிடம் அவள் முன்னாலேயே சொன்னேன்.

"தப்பு அந்தப் புள்ள மேல இல்ல சார். நான்தான் ஃப்ரீஸ எடுக்காம விட்டுட்டேன். காலையிலேயே எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா இந்தப் புள்ளைக்கு மூணு மணி நேரம் மிஞ்சியிருக்கும் பாய்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அவளிடம், "உனக்கு மட்டும் அடுத்த வாரம் ஜாம் வைக்கிறேம்மா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் சார். நான் தப்பு பண்ணலைல? அது போதும். இருக்குற நேரத்துல சின்னதா ஒண்ணு பண்றேன்."

அவள் செய்த விளையாட்டு ஒரே திரைதான். மல்லிகைக் கூடையோடு ஓர் ஆள், ஒரு பஸ். மொட்டு விரிவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டாள். "வாங்கண்ணே, நீங்கதான் மொதல்ல வெளையாடணும்."

மூன்று தடவை ஆடினேன், மூன்றிலும் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

"ஏண்ணே, தேடுறதுலதான் இப்படின்னு நெனச்சேன். ஓடுறதுலயும் இம்புட்டுதானா!"

லேபே சிரித்தது. நானும் சிரித்தேன்; கண் கலங்கிவிட்டது. நான் திணறிய இடத்தைப் பார்த்து பஸ்ஸின் வேகத்தைக் குறைத்தாள். நாலு மணிக்குச் சற்று முன்னால் ஒப்படைத்தாள். ஆடுகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்தியதற்கே நல்ல மார்க் போட்டார் பேராசிரியர். அல்ஹம்துலில்லாஹ், அவள் பாஸானாள்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், தேட உட்காராதீர்கள், முதலில் சொல்லிவிடுங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அவள் ஜெயித்ததை வைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து தேடியதை விட்டுவிடாதீர்கள்.